இரவல் குடுத்த கசெற்றுகள்

போன மாரி தொடங்கின நேரம், ஒரு பெரிய வேலையை முடித்த சந்தோஷத்தில் மாமாவைக் கூப்பிட்டு என்ர லப்டொப்பைக் காட்டினேன். பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள் முழுக்க, தரம் ஒரு துளியும் குறையாமல், ஒரே ஃபோல்டருக்குள். கனடாவில் இருக்கிற சின்னம்மா அனுப்பின சிடிப் பெட்டியில் இருந்து ஒவ்வொரு தட்டாக ஏற்றி, ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர், ஆண்டு, அட்டைப்படம் போட்டு அடுக்கி முடிக்க இரண்டு மாதம் போனது. இலுப்பைக்கடவையில் இருந்துகொண்டு இப்படி ஒரு வேலை பார்த்த ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மாமா இரண்டு பாட்டுக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நல்லாத்தான் கிடக்கு. எங்கட பாட்டுகளும் இப்பிடி வைச்சிருக்கிறியோ?"

"எந்தப் பாட்டு மாமா?"

"நித்தி கனகரத்தினத்தின்ர, மனோகரன்ர. நாங்கள் ஆடின பாட்டுகளடா."

அதுக்கென்ன, ஒரு கிழமையில் எடுத்துத் தாறன் என்று சொன்னேன். அந்த ஒரு கிழமை மூன்று மாதமாகி, இப்ப இந்தக் கட்டுரையாக வந்து நிற்கிறது. லிவர்பூல் பொடியன்கள் நாலு பேர் அறுபது வருஷத்துக்கு முதல் பாடினதை எந்த நாள், எந்த அறை, எத்தனையாவது தடவை என்று சொல்லலாம். என்ர மாமா கலியாண வீட்டில் ஆடின பாட்டு எந்த ஆண்டு பதிவானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் இப்படி ஆனது என்பதுதான் விஷயம்.

கருவாடும் வலையும்

முதலில் இந்த 'லொஸ்லெஸ்' என்கிற சொல்லைப் பார்ப்போம். இழப்பில்லாத ஒலி என்று பொருள்.

சிடி 1982 இல் சந்தைக்கு வந்தது. அது ஒலியை ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதி வைக்கிறது. இடது காதுக்கு ஒரு வரிசை, வலது காதுக்கு ஒரு வரிசை. ஒரு நிமிஷத்துக்கு அண்ணளவாக 10 மெகாபைட் வரும். தொண்ணூறுகளின் கணினிகளுக்கும் டெலிபோன் இணைப்புகளுக்கும் அது தாங்க முடியாத சுமை. ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தை மையமாகக் கொண்டு உருவாகி, 1995 இல் எம்பி3 என்று பெயர் சூட்டப்பட்ட முறை, அதே நிமிஷத்தை ஒரு மெகாபைட் அளவுக்குள் அடக்கியது. காது கவனிக்காது என்று கணக்குப் போட்ட ஒலிகளை எல்லாம் அது எறிந்துவிடும். பெரிய சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிற சின்னச் சத்தம், மிக உயர்ந்த கீச்சு ஒலி, இப்படிப் பலதும் போகும். எறிந்தது எறிந்ததுதான்.

எங்கட ஊர்க் கணக்கில் சொன்னால் எம்பி3 கருவாடு. பாரம் குறைவு, எங்கேயும் கொண்டு போகலாம், ருசியும் இருக்கு. ஆனால் தண்ணீரில் ஊறப்போட்டால் அது திரும்ப மீனாகாது.

2001 இல் ஜொஷ் கோல்சன் என்ற நிரலாளர் ஃபிளாக் என்ற முறையை இலவசமாக வெளியிட்டார். அது எதையும் எறியாது. எண்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒழுங்கைக் கண்டுபிடித்துச் சுருக்கி எழுதும். சிடியில் இருக்கிற அளவின் பாதி, சில வேளை அதைவிடக் கொஞ்சம் கூட இடம் எடுக்கும். விரித்தால் பழைய எண்கள் ஒன்றும் மாறாமல் வரும். அதை வலையை மடித்துத் தோளில் போடுறதோடு ஒப்பிடலாம். மடித்தால் சின்னதாகிறது, விரித்தால் ஒரு கண்ணும் குறையாது.

இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கோ. ஃபிளாக் தன்னிடம் வந்து சேர்ந்ததை மட்டும்தான் காப்பாற்றும். கருவாட்டை வலைக்குள் சுற்றி வைத்தாலும் உள்ளே இருப்பது கருவாடுதான்.

முழுசு என்றால் எவ்வளவு?

பீட்டில்ஸ் வேலையைத் தொடங்கும்போது அது சும்மா பதிவிறக்கிற, அடுக்குகிற வேலை என்றுதான் நினைத்தேன். போகப் போகத்தான் அது சரித்திர வேலை என்று விளங்கினது.

அவர்களுடைய முதல் நீள இசைத்தட்டு இங்கிலாந்தில் 1963 மார்ச் 22 இல் வந்தது. ஆனால் அமெரிக்காவில் அதே பாட்டுகளை வேறு விதமாகக் கலைத்து, வேறு பெயர்களில் விற்றார்கள். 1966 இல் வந்த 'ரிவோல்வர்' இங்கிலாந்தில் 14 பாட்டு, அமெரிக்காவில் 11. 1967 ஆம் ஆண்டின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' தட்டில்தான் இரண்டு நாட்டுப் பட்டியலும் ஒன்றாகின. அப்ப எது 'முழுத் தொகுப்பு'? 1987 இல் சிடிக்கு மாற்றினபோது இங்கிலாந்து வரிசையை அடிப்படையாக எடுத்தார்கள்.

அடுத்த சிக்கல் மோனோவும் ஸ்டீரியோவும். அறுபதுகளில் வீடுகளில் இருந்தது ஒற்றை ஒலிபெருக்கிதான். அதனால் குழுவினர் கூட இருந்து கவனமாகச் செய்தது மோனோக் கலவையை. 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' தட்டில் வீட்டை விட்டுப் போகும் ஒரு பெண்ணைப் பற்றின பாட்டு இருக்கு. மோனோவில் அது ஸ்டீரியோவை விட வேகமாகவும் சுருதி கூடினதாகவும் இருக்கும். ஒரே பாட்டு, ஆனால் கேட்கும்போது இரண்டு அனுபவம். 2009 செப்டெம்பர் 9 இல் இரண்டு வகையையும் புதுசாகத் தயாரித்துத் தனித்தனிப் பெட்டிகளாக வெளியிட்டார்கள். அதே வருஷக் கடைசியில் ஆப்பிள் பழ வடிவத்தில் ஒரு யூஎஸ்பியும் வந்தது. அதற்குள் 24 பிட் ஃபிளாக் கோப்புகள், உலகம் முழுக்க 30,000 மட்டும்.

இவ்வளவையும் ஒருத்தர் எப்படி அறிய முடிகிறது? அவர்கள் பாடின அபி ரோட் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிளார்க் மாதிரி ஒருத்தர் தாள் எழுதி வைத்திருந்தார். எந்த நாள், எத்தனையாவது முயற்சி, எந்த நாடா என்று எல்லாம் தாளில் இருந்தது. மார்க் லூயிசன் என்ற ஆய்வாளர் அந்தத் தாள்களையும் நாடாக்களையும் வைத்து 1988 இல் ஒரு புத்தகமே எழுதினார். பிறகு வந்த சேகரிப்பாளர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலின் தோளில் நிற்கிறார்கள்.

அப்படிப்பட்ட இடத்திலும் ஓர் ஓட்டை இருக்கு. அவர்களுடைய முதல் சிங்கிள் 'லவ் மீ டூ', 1962 ஒக்டோபரில் வந்தது. அந்தப் பாட்டை மூன்று தடவை, மூன்று வேறு மேளக்காரரோடு பதிந்திருந்தார்கள். ஜூனில் பீட் பெஸ்ட், செப்டெம்பர் 4 இல் ரிங்கோ ஸ்டார், செப்டெம்பர் 11 இல் கூலிக்கு வந்த அன்டி வைட். முதலில் விற்ற தட்டில் இருந்தது ரிங்கோவின் பதிவு. பிறகு அதை மாற்றி அன்டி வைட்டின் பதிவைப் போட்டார்கள். எது எது என்று கண்டுபிடிக்கிறது லேசு. அன்டி வைட் அடிக்கும்போது ரிங்கோ பக்கத்தில் நின்று தம்பூரின் தட்டுகிறார். தம்பூரின் சத்தம் கேட்டால் அது அன்டி வைட்டின் பதிவு.

ரிங்கோ மேளம் அடித்த பதிவின் மூல நாடா இன்றைக்கு இல்லை. பிற்காலத்தில் அந்தப் பாட்டு தேவைப்பட்டபோது நிறுவனம் என்ன செய்தது தெரியுமோ? கடையில் விற்ற ஒரு பழைய இசைத்தட்டைத் தேடி எடுத்து, அதை ஓடவிட்டுப் பதிந்தது. நீங்கள் இன்று எவ்வளவு காசு குடுத்து வாங்கினாலும், அந்தப் பாட்டின் 'இழப்பில்லாத' கோப்பு யாரோ ஒருத்தர் காசு குடுத்து வாங்கி, கீறல் விழாமல் வைத்திருந்த தட்டில் இருந்து வந்ததுதான்.

இதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. பெட்டகம் வைத்திருந்தவர்கள் தொலைத்ததை, கடையில் வாங்கினவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கிரேட்புல் டெட் குழுவின் ரசிகர்கள் இதையே ஒரு பண்பாடாக்கினார்கள். தங்கள் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவதைக் குழு தடுக்கவில்லை. 1984 ஒக்டோபரில் இருந்து பதிகிறவர்களுக்கு என்று தனி இடமே ஒதுக்கியது. பதிந்தவர்கள் ஒருவருக்கொருவர் கசெற்றை இலவசமாக மாற்றிக்கொண்டார்கள். ஆனால் கசெற்றில் ஒரு பிரச்சினை. பிரதியில் இருந்து பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும். 1998 அளவில் இணையத்தில் கூடின இந்தக் கூட்டம், எம்பி3 கூடாது, இழப்பில்லாத கோப்பு மட்டும்தான் என்று கட்டுப்பாடு போட்டது. கூடவே இன்னொரு ஒழுங்கும் இருந்தது. ஒவ்வொரு பதிவோடும் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு வைக்க வேண்டும். எந்த மைக், எந்த இயந்திரம், யார் பதிந்தது, எத்தனை கை மாறி வந்தது என்று அந்தப் பதிவின் வம்சாவளி அதில் இருக்கும். சத்தம் நல்லாக இருந்தாலும் வம்சாவளி இல்லாத பதிவை அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

சுராங்கனி எங்கே பதிவானாள்?

இனி மாமா கேட்ட கேள்விக்கு வருவோம்.

பீட்டில்ஸ் உச்சத்தில் இருந்த அதே காலத்தில் இலங்கையிலும் கிட்டார் பிடித்த பொடியன்கள் கிளம்பினார்கள். சிங்களத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் 1966 இல் தொடங்கியது. தமிழில் அறுபதுகளின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் வந்தார். கள்ளுக்கடை, மாமி, மச்சாள் என்று ஊர்ப் பேச்சை அப்படியே பாட்டாக்கினார். 'சின்ன மாமியே' அவரின் பேரைச் சொல்லும் பாட்டு. ஏ. ஈ. மனோகரன், அமுதன் அண்ணாமலை, ஸ்டான்லி சிவானந்தன் என்று ஒரு வரிசையே வந்தது. பொப் என்றும் துள்ளிசை என்றும் சொன்னார்கள். இந்தியச் சினிமாப் பாட்டே உலகம் என்று இருந்த காலத்தில், எங்கட உச்சரிப்பில் எங்கட பகிடியை றேடியோவில் கேட்டது பெரிய விஷயம் என்று மாமா சொல்லுவார்.

அந்தத் தாளம் பைலாத் தாளம். போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டு வந்த ஆபிரிக்க மக்களோடும் இந்தத் தீவுக்கு வந்து, கரையோரத்தில் ஊறி, 1940களில் வொலி பஸ்தியன் போன்றவர்களின் கையில் சிங்களப் பாட்டாகி, பிறகு தமிழுக்குள் நுழைந்தது. மன்னார்த் தீவு 1560 இல் போர்த்துக்கேயரிடம் போன இடம். எனவே இந்தத் தாளம் எங்கட கரைக்குப் புதுசில்லை என்று நினைக்க எனக்கு விருப்பம்.

மனோகரனின் 'சுராங்கனி' மீன் கொண்டு வாற ஒருத்தனின் பாட்டு. சிங்களத்தில் பிறந்து, தமிழில் ஏறி, கடல் கடந்து இந்தியா முழுக்கப் போனது. 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையிலும் அது வந்தது. மனோகரன் சென்னையில் சினிமாக்களில் நடித்தார், அங்கே 'சிலோன் மனோகர்' ஆனார், அங்கேயே 2018 ஜனவரி 22 இல் காலமானார். அவரைத் தெரியாத தமிழ் ஆட்கள் குறைவு. ஆனால் அவர் பாடினது மொத்தம் எத்தனை பாட்டு, எந்தெந்தத் தட்டு, எந்த ஆண்டு, பின்னால் வாசித்தது யார்? நான் தேடினதில் அப்படி ஒரு முழுப் பட்டியல் அகப்படவில்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு ஆண்டு. ஒரே பாட்டுக்கு இரண்டு பாடகர் பெயர். பின்னணியில் கிட்டார் வாசித்த கை யாருடையது என்பதற்குப் பதிலே இல்லை.

சைக்கிள் டைனமோ

தேடினால் கிடைப்பது பெரும்பாலும் கசெற்றில் இருந்து வந்த பிரதிகள். அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கு.

கசெற்றை பிலிப்ஸ் கம்பனி 1963 இல் அறிமுகப்படுத்தியது. எங்கட பக்கம் அது வீடு வீடாக வந்தது 1977 இல் இறக்குமதி திறந்துவிட்ட பிறகு. மத்திய கிழக்குக்குப் போன அண்ணன்மார் றேடியோ செற்றோடு வந்து இறங்கினார்கள். பட்டினங்களில் 'ரெக்கோடிங் பார்' கடைகள் முளைத்தன. பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் குடுத்தால், கடைக்காரர் இசைத்தட்டில் இருந்து வெற்றுக் கசெற்றில் பதிந்து தருவார். மாமாவும் மன்னார் டவுனுக்கு பஸ் ஏறிப் போய், நெல்லு வித்த காசில் பதிவிச்சிருக்கிறார். கவனியுங்கோ, அந்தக் கசெற்றுகளின் அட்டையில் பாட்டின் முதல் வரி மட்டும்தான் எழுதியிருக்கும். தட்டின் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, வாத்தியக்காரர் இல்லை. தட்டின் உறையில் இருந்த சரித்திரம் முதல் பிரதியிலேயே உதிர்ந்துவிட்டது. ஒலி போறதுக்கு முதல் பெயர் போயிற்று.

பிறகு சண்டை. 1990 ஜூனுக்குப் பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை. எண்ணெய் இல்லை, கரண்ட் இல்லை, பற்றரியும் தடை. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னொரு அரை மணித்தியாலம் எடுத்தார்கள். அதுவும் முடிய சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோ கேட்டார்கள். செய்தி கேட்கச் சுற்றினவர்கள் பாட்டுக்கும் சுற்றினார்கள். ஒருத்தர் சுற்ற ஒன்பது பேர் கேட்பார்கள் என்று மாமா சொல்லுவார்.

அதே 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவு என்று எங்கட அயலூர்ச் சனம் கையில் அகப்பட்டதோடு புத்தளம் போனது. அந்த வீடுகளில் இருந்த தட்டுகளையும் கசெற்றுகளையும் பற்றி ஆரும் கணக்கெடுத்ததில்லை. ஊரில் நல்ல பாட்டுப் பெட்டி வைத்திருந்தவர்கள் விடத்தல்தீவுக் கடைக்காரர்கள்தான் என்று மாமா சொல்லுறது மட்டும்தான் எனக்குத் தெரிந்த கணக்கு.

2008 ஜூலையில் எங்கட முறை வந்தது. ராணுவம் விடத்தல்தீவைப் பிடித்து இலுப்பைக்கடவைக்கு வரமுதலே நாங்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி ஏ-32 றோட்டால் வெள்ளாங்குளம் பக்கம் போய்விட்டோம். எனக்கு அப்ப பத்து வயது. அரிசி, பாய், தகரம், அம்மம்மா என்று ஏற்றினதில் ஒரு பிஸ்கற் ரின்னும் இருந்தது. அதுக்குள் மாமாவின் கசெற்றுகள், நாற்பது வரை. அடுத்த அடுத்த இடப்பெயர்வுகளில் பாய் போனது, தகரம் போனது, அம்மம்மா போனா. ரின்னை மாமா கடைசியில் ஒரு பங்கருக்குள் வைத்து மண் மூடினார். அதில் துள்ளிசையும் இருந்தது, இயக்கப் பாட்டும் இருந்தது. பிறகு போய்த் தோண்ட அவருக்குத் துணிவு வரவில்லை. நானும் கேட்டதில்லை.

எங்கள் இடப்பெயர்வுக்கு ஒரு மாதம் முதல், 2008 ஜூன் 1 இல், அமெரிக்காவின் ஹொலிவூட்டில் யூனிவர்சல் நிறுவனத்தின் வளாகத்தில் தீப்பிடித்தது. புகழ்பெற்ற பலரின் மூல நாடாக்கள் வைத்திருந்த கட்டடம் எரிந்தது. 2019 இல் நியூயோர்க் டைம்ஸ் எழுதும் வரை அதன் அளவு வெளியே தெரியவில்லை. எவ்வளவு அழிந்தது என்பதில் பத்திரிகைக்கும் கம்பனிக்கும் இன்னும் கணக்கு வேறு. ஆனால் அவர்களுக்குச் சண்டை பிடிக்க ஒரு பட்டியலாவது இருந்தது. 1981 இல் அதே ஜூன் 1 விடிய, யாழ்ப்பாண நூலகம் 97,000 அளவு புத்தகங்களோடு எரிந்து கிடந்தது. போனதின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கட ஆட்களுக்கு அன்றைக்கே வந்திருக்கும். 2005 இல் நூலகம் என்ற மின்னூலகத்தைத் தொடங்கி, இன்று ஒலி, ஒளிப்படங்களுக்கு ஆவணகம் என்று இன்னொரு தளமும் வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கு நடந்த அளவு வேலை பாட்டுக்கு இன்னும் நடக்கவில்லை.

பொய் ஃபிளாக்

மாமாவுக்காகத் தேடின முதல் கிழமையே எனக்கு ஒரு துள்ளிசைத் தொகுப்பு அகப்பட்டது. கோப்பின் பெயரில் ஃபிளாக் என்று போட்டிருந்தது. சந்தோஷத்தில் இறக்கி, ஒலியின் அலைநிறமாலையைப் படமாகக் காட்டும் மென்பொருளில் திறந்தேன். 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டின மாதிரி ஒன்றும் இல்லை. சிடித் தரத்தில் 22 வரை இடம் இருக்கு. 128 கிலோபிட் எம்பி3 வழக்கமாக வெட்டுற இடம் இந்தப் 16.

உடனே தீர்ப்புச் சொல்லக்கூடாது. பழைய கசெற்றிலும் உயர்ந்த ஒலிகள் தேய்ந்திருக்கும். ஆனால் கசெற்றில் அது மெல்ல மெல்ல மங்கும், நாடாவின் இரைச்சலாவது மேலே தூவிக் கிடக்கும். நேர் கோடாக வெட்டுப்பட்டால் நடுவில் ஒரு எம்பி3 இருந்திருக்கு என்று சந்தேகிக்கலாம். யாரோ கருவாட்டை எடுத்து மீன் பெட்டியில் வைத்து 'பச்சை மீன்' என்று எழுதியிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. இருந்ததில் நல்லதை நல்ல உறையில் போட்டால் நல்லது என்று நினைத்திருப்பார். ஆனால் அடுத்தவர் அதை மூலம் என்று நம்பி, தன்னிடம் இருந்த உண்மையான கசெற்றை எறிந்தால்?

மிஞ்சினது

"அப்ப ஒண்டும் இல்லையோ?" என்றார் மாமா. இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெரியம்மாவிட்ட ஒருக்காக் கேட்டுப் பாரன்" என்றார்.

2002 சமாதான காலத்தில் போக்குவரத்துத் திறந்திருந்தபோது, மன்னார் டவுனில் இருக்கிற பெரியம்மா வீட்டுக் கலியாணத்துக்கு என்று மாமா கொஞ்சக் கசெற் குடுத்திருக்கிறார். திருப்பி வாங்க முதல் திரும்பச் சண்டை தொடங்கி, உயிலங்குளத்துப் பாதை மூடுப்பட்டது. அந்தக் கசெற்றுகளுக்காகப் பெரியம்மாவோடு மாமா வருஷக்கணக்காகக் கோவம். நான் போய்க் கேட்டேன். தையல் மெசின் லாச்சிக்குள் ஆறு கசெற் இருந்தது.

நாற்பதைப் பத்திரமாகப் பூட்டிக் கொண்டு திரிந்தார், அது மண்ணுக்குள் போனது. இரவல் குடுத்த ஆறும் மிஞ்சினது. 'லவ் மீ டூ' கதைதான் திரும்பவும்.

ஆறிலும் பூஞ்சணம் இருந்தது. ஒன்றில், நாடாவை ஹெட்டோடு அமர்த்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சு கழன்றிருந்தது. ஒரு வெற்றுக் கசெற்றைக் கழற்றி அதன் கூட்டுக்குள் நாடாவை மாற்றினேன். பழைய டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து ஹெட்டை ஸ்பிரிற் போட்டுத் துடைத்து, பக்கத்தில் இருக்கிற குட்டி ஆணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, மூடிக் கிடந்த கீச்சு ஒலிகள் திறந்தன. இந்த ஆணி வேலையைச் செய்யாமல் எவ்வளவு பெரிய கோப்பாகப் பதிந்தாலும் பிரயோசனம் இல்லை. ஒலி ஆவணக் காப்பாளர்கள் குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று சொல்லுவார்கள், முடிந்தால் 96. நான் 96 இல் பதிந்தேன். ஒரு மணித்தியாலக் கசெற்றுக்கு 2 ஜிபி, ஃபிளாக்கில் அதன் பாதி சொச்சம். இரைச்சலை நீக்கவில்லை. நீக்கினதைக் கேட்க இன்னொரு பிரதி வைக்கலாம், மூலத்தில் கை வைக்கக்கூடாது.

நாலாவது கசெற்றின் இரண்டாம் பக்கத்தில் றேடியோவில் இருந்து பதிந்த ஒரு மனோகரன் பாட்டு. சுருதி ஒழுங்காக நிற்கவில்லை. தொட்டில் ஆடுற மாதிரி ஏறி இறங்கி, நடுவில் ஒரு இடத்தில் கீச்சென்று மேலே போய்த் திரும்பக் கீழே வருது. என்ர டெக்கில் ஏதோ பிழை என்று நினைத்து இரண்டு தரம் கழற்றிப் பூட்டினேன். அப்ப மாமா வந்து பின்னால் நின்றார்.

"பிழை ஒண்டும் இல்லை. அது டைனமோவில பதிஞ்சது. நான்தான் சுத்தினனான். அந்த இடத்தில கை நொந்து மற்றக் கைக்கு மாத்தினனான்."

விளங்கினதோ? கை தளரக் கரண்ட் குறையும், மெசின் மெதுவாகப் பதியும். அப்படிப் பதிந்ததை இன்றைக்குச் சரியான வேகத்தில் ஓடவிட, அந்த இடத்தில் பாட்டு மேலே ஏறும். சுருதியை நேராக்க மென்பொருள் இருக்கு, பத்து நிமிஷ வேலை. நேராக்கினால் நல்ல பாட்டு ஒன்று கிடைக்கும். மாமாவின் கை போய்விடும். அந்தக் கோப்பை நான் தொடவில்லை.

ஆறு கசெற்றில் 71 பாட்டு. ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதி வருகிறேன். 23 பாட்டுக்குப் பாடினவர் பெயர் தெரியாது. அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டிருக்கிறேன். ஊகித்து எழுதினால் நாளைக்கு அது உண்மையாகிவிடும்.

உங்கட வீட்டிலும் லாச்சி இருக்கும். கசெற் இருந்தால் எறியாதையுங்கோ, நேரே போட்டும் பாராதையுங்கோ, பூஞ்சணம் இருந்தால் நாடா அறும். முதலில் அட்டையையும் கசெற்றையும் படம் எடுங்கோ. யார் வைத்திருந்தது, எங்கே பதிவிச்சது, எந்தக் காலம் என்று வீட்டுப் பெரியாக்களிடம் கேட்டு எழுதுங்கோ. கசெற் இன்னும் சில வருஷம் தாக்குப் பிடிக்கலாம், சொல்லக்கூடிய ஆட்கள் காத்திருக்க மாட்டினம். கோப்பாக்கினால் குறைந்தது மூன்று வீட்டில் வையுங்கோ. காசு குடுத்து வாங்கக்கூடிய பாட்டைக் காசு குடுத்து வாங்குங்கோ, அந்தக் கலைஞர்களுக்கு அதுவும் சேர வேண்டியது.

என்ர கொப்பியில் ஒரு வரி இப்படி இருக்கு:

கசெற் 4, பக்கம் 2, பாட்டு 3. பாடினவர்: ஏ. ஈ. மனோகரன். மூலம்: இலங்கை வானொலி. பதிந்த இடம்: இலுப்பைக்கடவை. காலம்: 1993 அல்லது 94. மின்சாரம்: சைக்கிள் டைனமோ. சுற்றினவர்: மாமா.